பதிவேட்டில் ஏறாத காத்திருப்பு: ஒரு ஸ்குவிட் ப்ராக்ஸியின் நிகழ்வு ஆய்வு

நான் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரியில் மூன்று கணினி ஆய்வகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 40 கணினிகள். எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ். இந்த 120 கணினிகளும் வெளி இணையத்துக்குச் செல்ல ஒரே வாயில்தான் உண்டு. டெபியன் 11-இன் மேல் ஓடும் ஸ்குவிட் 4.13 ப்ராக்ஸி சர்வர்தான் அந்த வாயில். கணினிகளின் கோரிக்கைகளை வாங்கி அவற்றின் சார்பில் வெளித்தளங்களிடம் கேட்டுக் கொடுப்பதும், வந்தவற்றைக் கேச் என்ற சேமிப்பில் வைத்துக்கொள்வதும் அதன் வேலை. 8 ஜிபி நினைவகமும் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஒரு வன்தட்டும் கொண்ட சாதாரணக் கணினி அது. எனக்கு முன் இருந்தவர் அமைத்துவிட்டுப் போனது. பல ஆண்டுகள் தொல்லை தராமல் ஓடியது. ஒரு பருவத்தின் தொடக்கத்தில் அது நாள்தோறும் நண்பகலில் நிற்கத் தொடங்கியது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. அவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கோளாறின் சிக்கல் அன்று. நான் நம்பிப் படித்துக்கொண்டிருந்த பதிவேடு அந்தக் கோளாறைக் காட்டவே முடியாத பதிவேடு என்பதுதான். இதே மென்பொருளை இயக்குபவர்களுக்கு அந்த இரண்டு வாரம் மிச்சமாகட்டும் என்று நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

கண்ட அறிகுறிகள்

காலை 10 மணிக்கு முதல் ஆய்வகத்தில் வகுப்பு தொடங்கும்போது எந்தக் குறையும் இருக்காது. 11 மணிக்கு இரண்டாவது ஆய்வகமும் நிறையும். அப்போதும் பக்கங்கள் வழக்கம்போலத் திறக்கும். 12 மணிக்கு மூன்றாவது ஆய்வகத்தில் மாணவர்கள் அமர்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் மூன்று ஆய்வகங்களிலும் ஒரே நேரத்தில் உலாவிகள் உறைந்துவிடும். "சார், சுத்திக்கிட்டே இருக்கு, எரர்கூட வரமாட்டேங்குது" என்று ஆய்வக உதவியாளர் வந்து சொன்னார். அவர் சொன்ன இரண்டாவது பாதியை நான் அன்று கவனிக்காமல் விட்டேன். இணைப்பு மறுக்கப்பட்டால் உலாவி உடனே சொல்லிவிடும். பெயர்த் தேடல் (தளத்தின் பெயருக்குரிய முகவரியைக் கண்டறிதல்) தோற்றாலும் ஸ்குவிட் பிழையைத் தெரிவிக்கும். இரண்டும் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது என்றால், கோரிக்கை எங்கோ ஏற்றுக்கொள்ளப்பட்டு, யாராலும் கையில் எடுக்கப்படாமல் கிடக்கிறது என்றே பொருள்.

இன்னொரு குறிப்பும் அன்றே கண்முன் இருந்தது. உறைந்துபோன அதே அறையில், ஏற்கெனவே ஒரு விரிவுரைக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவிக்கு அது தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரால் ஒரு புதிய பக்கத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. பழைய இணைப்புகள் நலமாக இருக்கின்றன, புதியவை மட்டும் நுழைய முடியவில்லை என்ற இந்த வேறுபாட்டை அன்றே எழுதி வைத்திருந்தால் பாதி வழி குறைந்திருக்கும்.

ஸ்குவிட்டை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் சரியாகும். கால் மணி நேரம் கழித்துப் பழையபடி நிற்கும். நினைவகம் எங்கோ கசிகிறது என்ற முடிவுக்கு இதனால்தான் வந்தோம். நண்பகல் 12.15-க்குத் தானாக மறுதொடக்கம் நிகழும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் ஒரு வரியும் எழுதப்பட்டது. அந்த வரியை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன். ஸ்குவிட் நிற்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் முடிவதற்காக இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்கும். அதன்பின் எஞ்சியவற்றை அறுத்துவிடும். அப்படி அறுந்தவற்றுள் பாதியில் நின்ற இணையவழித் தேர்வுகளும் உதவித்தொகை விண்ணப்பங்களும் இருந்தன. ஒரு மாணவர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே விண்ணப்பத்தை முதலிலிருந்து நிரப்பியிருக்கிறார். அதை நாங்கள் வெகு நாள் கழித்துத்தான் அறிந்தோம்.

முதலில் தேடிய இடங்கள்

இணைய இணைப்பின் பயன்பாட்டு வரைபடத்தில் நண்பகலில் ஏற்றம் இல்லை. மாறாக ஓர் இறக்கம் இருந்தது. அலைவரிசை போதவில்லை என்ற ஐயம் அத்துடன் நீங்கியது. நினைவகத்தைப் பார்த்தோம். ஸ்குவிட் எடுத்திருந்த இடம் நிலையாக இருந்தது. கசிவு என்ற எண்ணத்தை அங்கேயே கைவிட்டிருக்க வேண்டும். ஆனால் மறுதொடக்கத்தில் சரியாகிறது என்ற ஒரே காரணத்தால் அதை மேலும் நான்கு நாள் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பெயர்த் தேடலில் சற்றுக் கூடுதல் நேரம் செலவிட்டேன்; அது வீண்வேலை என்று சொல்லமாட்டேன். ஸ்குவிட் 3.1 முதல் ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரிகளையும் தானாகவே பயன்படுத்துகிறது. வலையமைப்பில் ஐபிவி6 பாதி அமைந்து பாதி அமையாமல் இருந்தால், அந்த முகவரிக்கு முதலில் முயன்று, இணைப்புக்கான காலக்கெடு தீரும் வரை காத்திருக்கும் நிலை வரலாம். அந்தக் கெடுவின் இயல்பு மதிப்பு ஒரு நிமிடம். ப்ராக்ஸி சர்வர் மெதுவாக இருக்கிறது என்ற புகார்களில் இது அடிக்கடி அகப்படும் காரணம். ஆனால் ஸ்குவிட் தன் நிலையைச் சொல்லும் கேச் மேலாளர் என்ற பகுதி தரும் பொது அறிக்கையில் பெயர்த் தேடல்களின் இடைநிலை நேரம் தனி வரியாகவே வரும். எங்கள் சர்வரில் அது நண்பகலிலும் சில பத்து மில்லிவிநாடிகளைத் தாண்டவில்லை.

எஞ்சியது அணுகல் பதிவேடு. ஆக்சஸ்.லாக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் முதலில் நேரமும், அடுத்து அந்தக் கோரிக்கைக்குச் செலவான மில்லிவிநாடிகளும் இருக்கும். உறைந்த அரைமணி நேரத்தின் வரிகளை எடுத்துப் பார்த்தால், சாதாரணப் பக்கக் கோரிக்கைகள் பெரும்பாலும் அரை விநாடிக்குள் முடிந்திருந்தன. வரிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது, வேகம் குறையவில்லை. மூன்று அறைகளில் மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பதிவேடு நல்ல வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் பொய் எதுவும் இல்லை. அதன் கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பதைத்தான் நான் கவனிக்கத் தவறியிருந்தேன். ஸ்குவிட் ஓர் இணைப்பைக் கையில் எடுத்து, அதில் கோரிக்கை வந்து சேர்ந்த பிறகுதான் அந்த மில்லிவிநாடிக் கணக்கு தொடங்குகிறது. இணைப்பைக் கையில் எடுப்பதற்கு முன் எத்தனை விநாடி கழிந்தாலும் அது கணக்கில் வராது. மருத்துவர் அறைக்குள் ஒருவர் இருந்த நேரத்தை எழுதும் ஏட்டில் வெளித்திண்ணையில் அவர் காத்திருந்த நேரம் இருக்காது அல்லவா, அதைப் போல. இன்னொரு குறையும் உண்டு. மறைகுறியாக்கிய எச்டிடிபிஎஸ் தளங்களுக்காக, உள்ளே போவதைப் பார்க்காமல் ப்ராக்ஸி அப்படியே கடத்தும் கனெக்ட் சுரங்க இணைப்புகள், மூடப்பட்ட பிறகே பதிவேட்டில் வரியாக ஏறுகின்றன. திறந்திருக்கும் சுரங்கம் எதுவும் அதில் தெரியாது. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்களும் தெரியவில்லை, இடம் கிடைக்காதவர்களும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள நலமானவர்களை மட்டுமே நான் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கே நிற்கிறது என்பதைக் கண்ட விதம்

மறுநாள் நண்பகலில் ஆய்வகக் கணினி ஒன்றில் அமர்ந்து, கர்ல் கட்டளையால் ப்ராக்ஸி வழியாக ஒரு பக்கத்தைக் கேட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாக அச்சிடச் செய்தேன். ப்ராக்ஸியுடன் டிசிபி இணைப்பு ஏற்பட ஒரு மில்லிவிநாடிகூட ஆகவில்லை. பதிலின் முதல் பைட் வர 20 விநாடிக்கு மேல் ஆனது. ஆகவே கம்பியிலும் சுவிட்சிலும் குறை இல்லை. சர்வரின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, உயிர்ப்புடன் இணைப்பை ஏற்கிறது. ஏற்ற இணைப்பை ஸ்குவிட் எடுத்துக்கொள்ளவில்லை.

லினக்ஸில் இதை நேரடியாகப் பார்க்க வழி உண்டு. எஸ்எஸ் கட்டளை, காது கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் (நிரல் இணைப்புகளை வாங்கும் எண்ணிட்ட வாயில்) இரண்டு எண்களைக் காட்டும். கெர்னல் ஏற்றுக்கொண்டு, நிரல் இன்னும் எடுக்காமல் வரிசையில் நிற்கும் இணைப்புகளின் எண்ணிக்கை ஒன்று. அந்த வரிசையின் கொள்ளளவு மற்றொன்று. ஸ்குவிட்டின் 3128 போர்ட்டுக்குக் கொள்ளளவு 256 என்று இருந்தது. நிற்பவை 200-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. நலமாக ஓடும் சர்வரில் அந்த முதல் எண் எப்போதும் 0 அல்லது அதை ஒட்டியே இருக்க வேண்டும். வரிசை நிரம்பிவிட்டால் கெர்னல் புதிய இணைப்பு முயற்சிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கணினிகள் 1, 2, 4 விநாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி மீண்டும் முயலும். என்ஸ்டாட் கட்டளையில் லிசன் ஓவர்ஃப்ளோஸ் என்ற எண்ணி ஏறியிருந்தது, அதுவும் நிகழ்ந்திருந்தது என்பதைக் காட்டியது.

அதன் பிறகுதான் கேச்.லாக் கோப்பைத் திறந்தேன். இதை முதல் நாளே செய்யாததற்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தக்க காரணம் எதுவும் இல்லை. ஆக்சஸ்.லாக் வாடிக்கையாளர்களைப் பற்றியது; கேச்.லாக் ஸ்குவிட் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் தீர்ந்துவருகின்றன என்ற எச்சரிக்கை அதில் நாள்தோறும் நண்பகலில் வரிசையாக இருந்தது. அந்த எச்சரிக்கையை ஸ்குவிட் 15 விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் எழுதாது; அதனால் கோப்பு பெரிதாகவும் இல்லை, யார் கண்ணிலும் படவும் இல்லை.

1024 என்ற எண்

லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு வலை இணைப்புக்கும் ஓர் எண் தரப்படுகிறது. அதுவே ஃபைல் டிஸ்கிரிப்டர். ஒரு நிரல் இத்தனைதான் வைத்திருக்கலாம் என்று கெர்னல் ஒரு மென்வரம்பும் ஒரு வன்வரம்பும் வகுத்திருக்கிறது. நடப்பில் உள்ளது மென்வரம்பு; நிரல் தானே அதை உயர்த்திக்கொள்ளக்கூடிய உச்சம் வன்வரம்பு. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் தொடங்குபவற்றுக்கு மென்வரம்பு இயல்பாக 1024, வன்வரம்பு 524288. மென்வரம்பு இவ்வளவு தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. செலக்ட் என்ற பழைய கெர்னல் அழைப்பால் 1023-க்கு மேற்பட்ட டிஸ்கிரிப்டர் எண்களைக் கையாள முடியாது; அதை இன்னும் பயன்படுத்தும் நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அது அப்படி விடப்பட்டிருக்கிறது. லினக்ஸில் ஸ்குவிட் ஈபோல் என்ற புதிய முறையைப் பயன்படுத்துவதால் அந்தத் தடை அதற்கு இல்லை. ஆயினும் அமைவுக் கோப்பில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது மென்வரம்பையே தன் வரம்பாக எடுத்துக்கொள்கிறது.

அந்த 1024-இலும் 100-ஐ ஸ்குவிட் அவசரத் தேவைக்கென ஒதுக்கி வைக்கிறது. எஞ்சியவை 924. காலியாக உள்ளவை அந்த 100-க்குக் கீழே இறங்கியதும், புதிய இணைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டு, கையில் இருப்பவை முடியட்டும் என்று காத்திருக்கிறது. இது கோளாறன்று, நல்ல பாதுகாப்பு. வட்டில் எழுதவும் பெயரைத் தேடவும்கூட டிஸ்கிரிப்டர் இல்லாமல் போனால் ஓடிக்கொண்டிருப்பவையும் சேர்ந்து விழும். காணொளி பார்த்துக்கொண்டிருந்த மாணவிக்கு ஏன் எதுவும் ஆகவில்லை என்பதற்கு விடை இதுவே. வரிசையின் கொள்ளளவு 256 ஆக இருந்ததற்கும் இதே எண்தான் காரணம்: மொத்த டிஸ்கிரிப்டர்களில் கால் பங்கை ஸ்குவிட் வரிசை நீளமாகக் கேட்கிறது.

ஒரு கனெக்ட் சுரங்கத்துக்கு இரண்டு டிஸ்கிரிப்டர்கள் வேண்டும்: உலாவியின் பக்கம் ஒன்று, வெளித்தளத்தின் பக்கம் ஒன்று. 924-இல் 462 சுரங்கங்கள் அடங்கும். கணினி ஒன்றுக்கு நான்கு சுரங்கம் என்றால் 80 கணினிகளுக்கு 320, அடங்கிவிடும். 120 கணினிகளுக்கு 480, அடங்காது. மூன்றாவது ஆய்வகம் தொடங்கியதும் மூன்றும் நின்றதன் காரணம் இந்தக் கணக்கில் முழுமையாக இருக்கிறது. இன்றைய உலாவி ஒன்று நான்கு சுரங்கத்தோடு நிற்பது அரிது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே எழுத்துருவுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, விளம்பரத்துக்குப் பல என்று இணைப்புகள் விரியும்.

பல ஆண்டுகள் சரியாக ஓடியது இப்போது ஏன் நின்றது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் கேச் நிரலிலிருந்து கிளைத்து 1996-இல் ஸ்குவிட் பிறந்தபோது, வலை என்பது திறந்த எச்டிடிபிதான். ஒரு கோரிக்கை வரும், பதில் போகும், இணைப்பு விடுபடும். லெட்ஸ் என்கிரிப்ட் 2015-இன் இறுதியில் இலவசச் சான்றிதழ்களைப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கியதும், 2018 ஜூலையில் குரோம் உலாவி எச்டிடிபி தளங்களை எல்லாம் பாதுகாப்பற்றவை என்று குறிக்கத் தொடங்கியதும் சேர்ந்து, வலையின் பெரும்பகுதி மறைகுறியாக்கத்துக்கு மாறிவிட்டது. ப்ராக்ஸிக்கு இவை எல்லாம் உள்ளே என்ன போகிறது என்று தெரியாத நீண்ட சுரங்கங்கள். பேச்சு நின்ற பிறகும் இயல்பு நிலையில் 15 நிமிடம் வரை திறந்தே கிடக்கக்கூடியவை. எங்கள் கணினிகள் அதே 120. மாறியது அவற்றின் ஒவ்வோர் இணைப்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலம். அந்தப் பருவத்தில் மூன்று வகுப்புகள் முதன்முறையாக நண்பகலில் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி கால அட்டவணை அமைந்தது, அவ்வளவே.

கணக்கு பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒரு காரணத்தை ஏற்க எனக்கு மனமில்லை. மாலையில் ஆய்வகங்கள் காலியான பிறகு, கல்லூரிக்குள்ளேயே இருக்கும் ஒரு வலை சர்வரின் 443 போர்ட்டுக்கு மூன்று கணினிகளிலிருந்து கனெக்ட் சுரங்கங்களைத் திறந்து, எதையும் அனுப்பாமல் பிடித்து வைத்திருக்கும்படி ஒரு சிறு நிரலை ஓட்டினோம். வெளியார் சர்வர் எதையும் இச்சோதனைக்குத் தொடவில்லை. எண்ணிக்கை 450-ஐ ஒட்டியபோது நான்காவது கணினியின் உலாவி நின்றது. பதிவேடுகளும் உதவி நிரல்களும் பிடித்திருந்த சில டிஸ்கிரிப்டர்களைக் கழித்தால் எதிர்பார்த்த இடமே அது. சோதனை நிரலை நிறுத்தியதும் உலாவி உடனே உயிர்பெற்றது. கேச் மேலாளரின் ஃபைல் டிஸ்கிரிப்டர் அறிக்கை, திறந்திருக்கும் ஒவ்வொன்றையும் எதிர்முனை முகவரியோடு பட்டியலிடும். மறுநாள் நண்பகலில் எடுத்த பட்டியலில் பெரும்பகுதி, சில நிமிடங்களாக ஒரு பைட்டும் நகராத சுரங்கங்கள்.

திருத்தமும் அதில் இருந்த இரண்டு குழிகளும்

வரம்பை உயர்த்துவது ஒரே வரி. ஆனால் எங்களில் ஒருவர் அதை ஏற்கெனவே உயர்த்திவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு அடைவில் உள்ள லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் 65536 என்று எழுதி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, யூலிமிட் கட்டளை 65536 என்று காட்டியதைக் கண்ணால் பார்த்து நிறைவடைந்திருந்தார். அந்தக் கோப்பு பாம் என்ற உள்நுழைவுச் சரிபார்ப்பு அமைப்பின் வழியாக உள்நுழையும் பயனர்களின் அமர்வுக்கே பொருந்தும். சிஸ்டம்டி தொடங்கும் சேவை அந்த வழியில் வருவதில்லை. அவர் பார்த்தது தன் ஷெல்லின் வரம்பை, ஸ்குவிட்டின் வரம்பை அன்று. ப்ராக் கோப்பு முறைமையில் அந்தச் செயல்முறையின் எண்ணுக்குரிய அடைவுக்குள் லிமிட்ஸ் என்ற கோப்பு இருக்கிறது; ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைக்குக் கெர்னல் உண்மையில் என்ன கொடுத்திருக்கிறது என்பதை அது மட்டுமே சொல்லும். திறந்து பார்த்தோம்: 1024.

இரண்டாவது குழியில் நானே விழுந்தேன். ஸ்குவிட்.கான்ஃப் கோப்பில் மேக்ஸ்_ஃபைல்டிஸ்கிரிப்டர்ஸ் 16384 என்று எழுதி, பயனர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று மறு அமைவுக் கட்டளையை மட்டும் கொடுத்தேன். அமைவு பிழையின்றி ஏற்கப்பட்டது, எச்சரிக்கை எதுவும் இல்லை, வரம்பும் மாறவில்லை. ஸ்குவிட்டின் பெரும்பாலான கட்டளைகள் மறு அமைவிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். இதற்கு மட்டும் முழு மறுதொடக்கம் வேண்டும் என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அன்று மாலை மறுதொடக்கம் செய்தபின் கேச் மேலாளரின் அறிக்கை 16384 என்று காட்டியது. எஸ்எஸ் கட்டளையில் வரிசையின் கொள்ளளவு 4096 ஆகியிருந்தது. புதிய வரம்பின் கால் பங்கும் அதுவே, 5.4 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னல் இந்த வரிசைகளுக்கு இயல்பாக வைத்திருக்கும் உச்சமும் அதுவே.

சுரங்கங்களின் ஓய்வுக் காலக்கெடுவை 15 நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடமாகக் குறைத்தால் 1024-இலேயே சமாளிக்கலாமே என்ற யோசனையும் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. வினாத்தாளைத் திறந்துவைத்துவிட்டு ஐந்து நிமிடம் யோசிக்கும் மாணவரின் இணைப்பும் அந்தக் கணக்கில் ஓய்ந்த இணைப்பாகவே தெரியும். வரம்பு தாழ்வாக இருப்பதற்குச் செலவு ஏதும் இல்லாத நிவாரணம் இருக்கும்போது, அவர் இணைப்பை அறுப்பது நியாயமில்லை.

கூரை உயர்ந்ததும் தெரிந்தது

அடுத்த திங்கட்கிழமை நண்பகலில் ஆய்வகங்கள் உறையவில்லை. ஆனால் வகுப்பு தொடங்கும் தருணங்களில் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விநாடி தயங்கி, பிறகு ஓடின. முன்பு வாயிலில் நின்றுபோன கூட்டம் இப்போது உள்ளே வந்துவிட்டதால், உள்ளே இருந்த அடுத்த இடுக்கு வெளிப்பட்டது.

இதற்கான சான்று பொது அறிக்கையிலேயே இருந்தது. கேச்சில் இருந்து கொடுக்கப்பட்ட பதில்களின் இடைநிலை நேரம், வெளியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தவற்றின் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தது. வீட்டுக் கிணற்று நீர் ஊர்க் குளத்து நீரைவிடத் தாமதமாக வருகிறது என்றால் கயிற்றையும் உருளையையும்தான் பார்க்க வேண்டும். அதே தருணத்தில் டாப் கட்டளையைப் பார்த்தால், ஸ்குவிட் செயல்முறை வட்டுக்காகக் காத்திருக்கும் டி நிலையில் நின்றது. செயலி ஓய்வாக இருந்தது.

அமைவுக் கோப்பில், கேச் சேமிக்கப்படும் அடைவைக் குறிக்கும் கேச்_டிர் வரி யூஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறையைக் குறித்திருந்தது. அந்த முறையில் வட்டில் படிப்பதும் எழுதுவதும் ஸ்குவிட்டின் முதன்மைச் சுழற்சிக்குள்ளேயே நடக்கிறது. எங்கள் அமைப்பில் ஒரே செயல்முறைதான் எல்லா இணைப்புகளையும் மாறி மாறிக் கவனிக்கிறது. அது வட்டின் முனை நகர்ந்து சேர்வதற்காக 10 மில்லிவிநாடி நின்றால், அந்த 10 மில்லிவிநாடியும் வட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத சுரங்கங்களும் சேர்ந்தே நிற்கின்றன. நூறு வட்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ஒரு விநாடி போய்விடும். ஏயூஎஃப்எஸ் என்ற முறை இதே வேலையைத் தனி இழைகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. இரண்டும் வட்டில் ஒரே வடிவத்தில்தான் சேமிக்கின்றன என்பதால், சேர்த்து வைத்திருந்த கேச்சை அழிக்க வேண்டியதில்லை. வரியில் ஒரு சொல்லை மாற்றி மறுதொடக்கம் செய்தால் போதும். மாற்றிய பிறகு கேச்.லாக்கில் வரிசை நெரிசல் என்ற எச்சரிக்கை தொடக்கத்தில் சில முறை வந்தது. இழைகளின் வரிசைக்கு ஸ்குவிட் வைத்திருக்கும் தொடக்க அளவு சிறியது. எச்சரிக்கும்தோறும் அந்த அளவை அதுவே இரட்டிப்பாக்கிக்கொள்ளும். சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, எங்களுக்கும் நின்றுவிட்டது.

கேச் என்ற பெயருக்கு ஏற்ற வேலை

இவ்வளவு தூரம் வந்த பிறகு, இந்த ப்ராக்ஸி உண்மையில் எதைச் சேமித்துக் கொடுக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. சுரங்கங்களுக்குள் போவதை அது சேமிக்க முடியாது. ஆனால் 120 டெபியன் கணினிகளின் மென்பொருள் இற்றைப்படுத்தல்கள் இன்னும் திறந்த எச்டிடிபி வழியாகவே வருகின்றன. பொதிகளின் (மென்பொருள் தொகுப்புகளின்) நேர்மையை டெபியனின் நிறுவல் கருவியான ஏப்ட் தன் கையொப்பச் சரிபார்ப்பால் உறுதிசெய்துகொள்வதால் இதில் ஆபத்தும் இல்லை. ஒரு கெர்னல் பொதி ஒரு முறை இறங்கினால் மற்ற 119 கணினிகளுக்கும் கேச்சே கொடுக்க வேண்டும். பதிவேட்டிலோ அதே பொதிக்கு, கேச்சில் கிடைக்கவில்லை என்று பொருள்படும் டிசிபி_மிஸ் என்ற வரி மீண்டும் மீண்டும் இருந்தது. சிறிய பொதிகள் மட்டுமே டிசிபி_ஹிட் பெற்றன.

அமைவுக் கோப்பில் மேக்சிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ் 512 எம்பி என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எனக்கு முன் இருந்தவர் செய்ய நினைத்தது சரியே. ஆனால் அந்த வரி கேச்_டிர் வரிக்குக் கீழே இருந்தது. ஸ்குவிட் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, ஒரு கேச் அடைவை வரையறுக்கும் கணத்தில் நடைமுறையில் உள்ள உச்ச அளவையே அந்த அடைவுக்குக் கொடுக்கிறது. அந்தக் கணத்தில் இருந்தது இயல்பு மதிப்பான 4 எம்பி. கீழே எழுதிய 512 எம்பி அந்த அடைவைச் சென்று சேரவே இல்லை. வரியை மேலே நகர்த்தினோம். அடுத்த நாள் ஒரு கணினியில் இற்றைப்படுத்திவிட்டு இரண்டாவதில் தொடங்கியபோது, பெரிய பொதிகள் உள்வலையமைப்பின் முழு வேகத்தில் இறங்கின.

கேச்_டிர் அளவை 40 ஜிபி ஆக வைத்தோம். இதற்கும் நினைவகத்தில் விலை உண்டு என்பதைக் கருத வேண்டும்: 64 பிட் கணினியில், வட்டுக் கேச்சின் ஒவ்வொரு ஜிபிக்கும் அட்டவணைக்காக ஏறத்தாழ 14 எம்பி நினைவகம் வேண்டும் என்பது ஸ்குவிட் வட்டாரத்தின் வழக்கமான கணக்கு. 40 ஜிபிக்கு 560 எம்பி; அதோடு கேச்_மெம் இயல்பாக எடுக்கும் 256 எம்பி. கேச்_மெம் என்பது ஸ்குவிட் எடுக்கும் மொத்த நினைவகத்தின் உச்சவரம்பு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சேமித்த பொருள்களுக்கான பங்கு மட்டுமே.

சேமித்ததை எவ்வளவு காலம் புதியதாகக் கொள்வது என்று சொல்லும் ரிஃப்ரெஷ்_பேட்டர்ன் வரிகளில் ஒன்றை மட்டும் நீக்கினேன். காலாவதியைப் புறக்கணித்து எல்லாவற்றையும் ஒரு நாள் வைத்திருக்கும்படி யாரோ எழுதியிருந்தார்கள். பதிப்பு எண்ணைப் பெயரிலேயே தாங்கிய பொதிகளுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் பொதிகள் வரும் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு, பொதிப்பட்டியல்களின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்புகளைத் தனக்குள் வைத்திருக்கிறது. இவ்விரண்டில் ஒன்று புதிதாகவும் மற்றது கேச்சில் கிடந்த பழையதாகவும் வந்து சேர்ந்தால், ஏப்ட் ஹாஷ் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அவ்வப்போது வந்துகொண்டிருந்த அந்தப் பிழையை நாங்கள் களஞ்சியத்தின் குறை என்றே எண்ணியிருந்தோம்.

இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று எண்கள் ஒரு கோப்பில் பதிவாகின்றன: பயன்பாட்டில் உள்ள டிஸ்கிரிப்டர்கள், 3128 போர்ட்டின் வரிசையில் நிற்பவை, ஆய்வகக் கணினி ஒன்றிலிருந்து கர்ல் அளந்த முதல் பைட் நேரம். மூன்றாவதை சர்வரில் அளக்காமல் ஆய்வகத்தில் அளப்பது வேண்டுமென்றே செய்தது. மூன்று ஆய்வகங்களும் நிறைந்த நண்பகல்களில் டிஸ்கிரிப்டர்கள் 1,300-ஐத் தாண்டுகின்றன; வரிசை 0-விலேயே நிற்கிறது. இரண்டு வாரம் இப்படிப் பார்த்த பிறகு, கிரானில் இருந்த 12.15 மறுதொடக்க வரியை அழித்தேன்.